பெயின்றுக்கு மேல் வைத்த நாட்கல்

அன்பு மகனுக்கு,

உன் வீட்டு முன்னறையில், நீ சாந்து குழைக்கிற வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். காலையில் கதவுத் திறப்பைத் தந்து, "அப்பா, தொட்டில் வரும், கையெழுத்து வைச்சு எடுத்து வையுங்கோ" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாய். தொட்டில் வந்துவிட்டது. பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தேன், அடிபட்ட அடையாளம் ஒன்றும் இல்லை. கொண்டுவந்தவர்கள், நிலானி நிலத்தில் நீல ரேப் ஒட்டிக் குறித்திருந்த இடத்திலேயே பெட்டியை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். குசினியில் சமைத்துக்கொண்டு நின்றாலும் பிள்ளை கண்ணில் படவேண்டும் என்று உன் மனைவி பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்த இடம் அது. பிழை அவளில் இல்லை. அந்த இடத்துக்கு நேர் மேலே, சுவரில், என் நெஞ்சு உயரத்தில், நல்ல நேரம் பார்த்து முதல் கல்லாக நான் வைத்த நாட்கல் இருக்கிறது. அது விழுந்தால் தொட்டிலுக்குள்தான் விழும்.

நீ இப்போது சிரிப்பாய். "அப்பா தொடங்கிட்டார்" என்று நிலானியைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவாய். எனக்குத் தெரியும். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கக் காரைத் திருப்பிக்கொண்டு வந்த மனிதன், பனி கொட்டினால் நீ ஸ்ரௌவ்வில்லில் உன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாயா என்று கேட்கும் வரை சாப்பாட்டில் கை வைக்காத மனிதன் சொல்வதை யார்தான் கணக்கில் எடுப்பார்கள்? அதனால்தான் கடிதம். தொலைபேசியில் சொன்னால் "ஓமப்பா, ரிலாக்ஸ்" என்பாய். வட்ஸப்பில் எழுதினால் பெருவிரலைக் காட்டுவாய். தமிழில், கையால் எழுதினால், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வாசித்த மாதிரி எழுத்துக் கூட்டி ஒவ்வொரு சொல்லாகத்தான் போவாய். அந்த மெதுவான வாசிப்புத்தான் இன்றைக்கு எனக்கு வேண்டும். வாசித்து முடிக்கும் வரை அந்தச் சுவரில் ஒரு கல்லும் ஒட்டாதே.

முதலில் ஒரு பழைய கதை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வோபர்னில் நாங்கள் குடியிருந்த அந்த அப்பார்ட்மென்ற் உனக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும். குடிபோன அன்றைக்கே பிள்ளையார் படத்தைச் சுவரில் கொழுவ வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். ஊரில் எங்களுக்குத் தெரிந்த சுவர் கல்லும் சிமெந்தும். அதில் ஆணி அடித்தால் ஆணி வளையும், சுத்தியல் தெறிக்கும், விரல் நசியும். நான் அந்தப் பலத்தோடு ஓங்கி அடித்தேன். ஆணி போனது, ஆணியின் பின்னால் சுத்தியலும் போனது. சுவருக்குள் கை விடக்கூடிய ஓட்டை. அம்மா படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஐயோ, இது மட்டையப்பா!" என்றாள். சுவருக்கு உள்ளே வெறும் காற்று இருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? பலசரக்குக் கடைக் கலண்டரை அந்த ஓட்டைக்கு மேல் தொங்கவிட்டேன். கட்டடத்துப் பொறுப்பாளர் வந்து பார்த்தால் எங்களைத் தூக்கி வெளியே போட்டுவிடுவார் என்று பயந்து பயந்து இருந்தேன். ஒருநாள் குழாய் திருத்த அவர் வந்தபோது நீ ஓடிப்போய், உனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், கலண்டரைத் தூக்கிக் காட்டிவிட்டாய். அந்த மனிதர் சிரித்துவிட்டு அடுத்த நாளே வந்து பூசிக்கொடுத்தார். ஆனால் அவர் சிரிப்பதற்கு முன்னால் நான் உன்னை ஒரு பார்வை பார்த்தேன். நீ கலண்டரை மெல்ல விட்டுவிட்டு அம்மாவின் பின்னால் போய் நின்றாய். அதற்குப் பிறகு அப்பா செய்த பிழை எதையும் நீ தூக்கிக் காட்டியதே இல்லை. நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நீ தனியே சப்வேயில் போகத் தொடங்கியதை எடுத்துக்கொள். கெனடி ஸ்ரேசனில் உன்னைக் கொண்டுபோய் விட்டு, "நீ பெரிய பெடியன், போயிட்டு வா" என்று பெரிய மனதோடு கை காட்டிவிட்டு, அடுத்த பெட்டியில் நான் ஏறினேன். பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு டவுன்ரவுன் வரைக்கும் வந்தேன். நீ நூலகத்துக்குள் நுழைவதைக் கண்ட பிறகுதான் திரும்பினேன். உனக்கு இது தெரியாது என்று பல வருசம் பெருமையாக இருந்தேன். உன் கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்து அத்தனை சனத்துக்கும் முன்னால் நீ சொன்னாய்: "அப்பா நினைச்சவர் எனக்குத் தெரியாதெண்டு. அவரின்ரை தொப்பியை எனக்கு எங்கை கண்டாலும் தெரியும். படியில அவர் பிந்திப் போயிடுவாரெண்டு நான் நிண்டு நிண்டு போனனான்." மண்டபமே சிரித்தது. நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போதுதான் உறைத்தது. என்னைக் கண்டும் காணாததுபோல், எனக்காக மெதுவாக நடந்து, அதை இத்தனை காலம் வாய்க்குள் வைத்திருந்திருக்கிறாய். அப்பாவின் முகம் சுருங்கக்கூடாது என்பதற்காக நீ இன்னும் எத்தனையைச் சொல்லாமல் வைத்திருக்கிறாயோ என்று அன்று தொடங்கிய யோசனை இன்னும் விடவில்லை. இன்றைக்கு அதில் ஒன்றை என் கண்ணாலேயே கண்டேன்.

இந்தக் கல்லுக் கதைக்கு வருகிறேன். வீட்டை வாங்கியபோது இந்தச் சுவர் மரூன் நிறம். முந்தி இருந்தவர்கள் எண்ணெய் பூசிய மாதிரிப் பளபளவென்று அடித்து வைத்திருந்தார்கள். நிலானிக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. யாரோ சிநேகிதி வீட்டில் கண்டுவிட்டு, சுவர் முழுக்க இயற்கைக் கல் ரைல்ஸ் ஒட்டவேண்டும் என்றாள். நீயும் கடைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கராஜில் அடுக்கினாய். ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். சின்ன அரிசிப் பை ஒன்றின் பாரம். இதைச் சுவரில் ஒட்டுவதா என்று அப்போதே உன்னைக் கேட்டேன். நீ அதற்கும் ஒரு மாதமாக வீடியோ பார்த்துப் படித்திருந்தாய். பெயின்றையும் மட்டைச் சுவரையும் கழற்றி, சிமெந்துப் பலகை போட்டு, பிறகுதான் கல் என்று விளக்கமாகச் சொன்னாய். எனக்கு ஆறுதலாக இருந்தது. அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

ஆனால் நிலானி வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள். கல் வேலை நாள் பார்க்காமல் தொடங்கினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு வேறொரு பயம் பிடித்தது. வீடு கட்டும்போது நல்ல நேரத்தில் நாட்கல் வைத்துத்தானே தொடங்குவோம், இது மட்டும் என்ன, இதுவும் கல்தானே என்று என் மூளை போனது. யாழ்ப்பாணத்தில் சாதகம் பார்க்கிற சாத்திரியாருக்கு அம்மா வட்ஸப்பில் அழைத்தாள். அவர் ஒரு நேரம் சொன்னார். அது அங்கத்தைய நேரமா இங்கத்தைய நேரமா என்று அம்மாவுக்கும் எனக்கும் சண்டை வந்து, திரும்ப அழைத்துக் கேட்டு, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவானது. நீ அன்றைக்குச் சுவரில் இன்னும் கையே வைத்திருக்கவில்லை. அம்மா சந்தனமும் குங்குமமும் கொண்டு நின்றாள், நான் வேட்டியோடு நின்றேன், நீ கைக்கடிகாரத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாய்.

"அப்பா, சுவர் இன்னும் ரெடி இல்லை. பெயின்றுக்கு மேல ஒட்டினா நிக்காது" என்றாய்.

"ஒரு கல்லுத்தானே தம்பி" என்றேன் நான். "நேரம் போகுது. இதை வைச்சிட்டு மிச்சத்தை நீ எப்பிடியும் செய்."

நீ கொஞ்சம் சாந்து குழைத்துத் தந்தாய். கல் வேலை அடியிலிருந்துதான் தொடங்கும், முதல் கல் கீழ் மூலையில்தான் இருக்க வேண்டும் என்று அதையும் மெல்லச் சொன்னாய். என் முழங்கால் குனிய விடாது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் நான் நின்றபடி எட்டுகிற இடத்தில், சுவரின் நட்ட நடுவில், அந்த மரூன் பளபளப்பின் மேல் கல்லை வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றேன். அது வழுக்காமல் நின்றது. அம்மா பொட்டு வைத்தாள். நிலானி படம் எடுத்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் எனக்கு இருந்த நிம்மதியை இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போல இருக்கிறது. பயந்த மனிதன்தான் நான், ஆனால் அன்றைக்குச் சுவருக்குப் பயப்படாமல் மணிக்கூட்டுக்குப் பயந்துவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் வந்து பார்த்தேன். தம்பி, உன் வேலையைக் கையால் தடவிக்கொண்டு நின்றேன். அந்த மட்டைச் சுவர் முழுவதையும் கழற்றிவிட்டாய். உள்ளே நிற்கிற மரச் சட்டங்களில் சாம்பல் நிறச் சிமெந்துப் பலகைகளை ஸ்குறூ போட்டு முடுக்கியிருக்கிறாய். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பலகைகள் சேருகிற இடமெல்லாம் வலை ஒட்டிச் சாந்து இழுத்திருக்கிறாய். லைற் சுவிட்ச் பெட்டியைக் கல்லின் தடிப்புக்குத் தக்கபடி முன்னுக்கு எடுத்திருக்கிறாய். அடியில் முதல் வரிசையைத் தாங்க ஒரு சட்டம் மட்டம் பார்த்து அடித்திருக்கிறாய். பயந்தவன் பார்க்கிற பார்வையோடு நான் நேர்த்தடியை வைத்து மேலும் கீழும் பார்த்தேன், புடைப்பும் இல்லை, பள்ளமும் இல்லை. அதற்குப் பிறகுதான் நடுவைப் பார்த்தேன். அத்தனை சாம்பல் நிறத்துக்கு நடுவில் ஒரு மரூன் சதுரம். என் கல்லைச் சுற்றி மட்டைச் சுவரை அளவாக வெட்டி, அதை மட்டும் பழையபடி விட்டு, சிமெந்துப் பலகையை அதற்கேற்ப ஓட்டை போட்டுப் பொருத்தியிருக்கிறாய். சந்தனப் பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது.

அதோடு இன்னொன்றையும் கண்டேன். கல்லின் இரண்டு பக்கத்திலும் வெள்ளை ரேப் ஒட்டியிருக்கிறாய். கீழ் விளிம்பில் ஏதோ பசையைப் பிதுக்கி விட்டிருக்கிறாய். அப்படியென்றால் உனக்கும் பயம். இது நிற்காது என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும், அப்பா கை வைத்த கல் என்று விட்டிருக்கிறாய். வருகிற சனி ஞாயிறில் மிச்சக் கல்லை ஒட்டப் போகிறாய். ஒட்டி முடிந்தால் சுவர் முழுக்க ஒரே கல்லாக இருக்கும். எந்தக் கல் பலகையில் நிற்கிறது, எந்தக் கல் பெயின்றில் தொங்குகிறது என்று பிறகு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

உடனே உனக்கு அழைத்தேன். அந்தக் கதை உனக்கே தெரியும், ஆனால் என் காதில் அது எப்படி விழுந்தது என்று எழுத வேண்டும். "அப்பா, மீட்டிங்கில நிக்கிறன். தொட்டில் வந்திட்டுதே?" என்றாய். வந்துவிட்டது, ஆனால் அந்தக் கல் என்று தொடங்கினேன். "எந்தக் கல்லு?" என்றாய், தெரியாத மாதிரி. நான் வைத்தது என்றேன். பிறகு சொன்னாய்: "ஓமப்பா, அது நீங்கள் வைச்சது. நான் பார்த்துத்தான் விட்டிருக்கிறன். ஒரு கல்லுத்தானே. டோன்ற் வொறி." நான் சொன்ன சொல்லையே நீ எனக்குத் திருப்பித் தந்தாய். நீ அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, உனக்குக் குத்தலாகப் பேச வராது. அதனால்தான் எனக்கு இன்னும் கூடுதலாகச் சுட்டது.

பிறம்ரனில் அந்தப் பெரிய களஞ்சியத்தில் நான் வேலை செய்த காலத்தைப் பற்றி உனக்கு அதிகம் சொன்னதில்லை. பாரம் தூக்குகிற போர்க்லிஃப்ற் ஓட்டினேன் என்று மட்டும் தெரியும். அங்கே கூரை வரைக்கும் பொருள் அடுக்கியிருக்கும். ஒருநாள் என்னோடு வேலை செய்த ஒருவர் தேத்தண்ணீர் குடிக்க வாறியா என்று கேட்டு நாலு அடி நடந்து என்னிடம் வந்தார். அவர் நின்ற இடத்தில் மேல் தட்டில் இருந்து ஒரு பெட்டி விழுந்தது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டி அன்றைக்குத்தான் வைத்தது என்று நினைக்காதே. எத்தனையோ நாளாக அதிலேயே இருந்தது. நாங்கள் எல்லோரும் அதற்குக் கீழே நடந்து திரிந்தோம். அவர் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு தேத்தண்ணீர் வாங்கியும் குடிக்க முடியாமல் கோப்பையை என்னிடம் தந்தார். அன்றிலிருந்து, இவ்வளவு நாளும் நின்றதுதானே என்று யாராவது எதைச் சொன்னாலும் எனக்கு அது நிற்கும் என்ற நம்பிக்கை வருவதில்லை. என் பயத்தைப் பார்த்து நீங்கள் சிரிக்கும்போது எனக்கு அந்தக் கோப்பைதான் ஞாபகம் வரும்.

இதுவரை எழுதிவிட்டு எழும்பிப் போய்க் கல்லைத் தட்டிப் பார்த்தேன். சுற்றி உள்ள பலகையைத் தட்டினால் தடித்த சத்தம். கல்லைத் தட்டினால் பின்னால் யாரோ வெறும் பெட்டியைத் தட்டுகிற சத்தம். வந்து இருந்தேன். திரும்பவும் எழும்பிப் போனேன். கழற்றிவிட வேண்டும் என்று கை வரும், நாட்கல்லைக் கழற்றுவதா என்று அதே கை பின்னால் போகும். பிள்ளை பிறக்கப் போகிற வீட்டில், பொட்டு வைத்த கல்லைப் பிடுங்கி, அதற்குப் பிறகு நிலானிக்கு ஒரு தலையிடி வந்தாலும் நான் என்னைத்தான் நோவேன். விட்டுவிட்டு, அது விழுந்தால்? இரண்டு பக்கமும் பயம். என்னைப் போன்ற ஒருவனை இந்த அறையில் தனியே விட்டுவிட்டுப் போனது உன்னுடைய பிழை என்றுகூட ஒருதரம் நினைத்தேன்.

கடைசியில் அம்மாவுக்கு அழைத்தேன். அவள் வீட்டில் உனக்கு இடியப்பம் அவித்துக்கொண்டு நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் வெடித்தாள்.

"உங்களுக்கென்ன விசரே? நாட்கல்லில கை வைக்கிறதோ? பிள்ளை வாற நேரத்தில ஆரும் செய்யிற வேலையே இது?"

"இஞ்சாரும், அது பெயின்றிலதான் ஒட்டிக்கொண்டு நிக்குது. தம்பி ரேப் போட்டு வைச்சிருக்கிறான்."

"அவன் படிச்சவன், அவனுக்குத் தெரியாதே? நீங்கள் உதுக்கை தலையைப் போடாதேங்கோ."

"அவனுக்குத் தெரியும். எனக்காகத்தான் விட்டிருக்கிறான்" என்றேன். பிறகு, "தொட்டில் வந்திட்டுது. நேர் கீழதான் வைச்சிருக்கினம்" என்றேன்.

இடியப்பப் பானையின் மூடியை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்திருக்க வேண்டும். "எடுங்கோ" என்றாள். "சாத்திரியாருக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். ஆனா கீழ போட்டிடாதேங்கோ, என்ன? கவனமா எடுங்கோ." நான் ஓம் என்றேன். வைக்கிறேன் என்று சொல்லியும் அவள் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் போனேன். இப்போது திரும்பி வந்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னித்துக்கொள்.

தொட்டில் பெட்டியை முதலில் அப்பால் எடுத்தேன். பிறகு நிலத்தில் உன் பழைய போர்வையை மடித்து விரித்தேன். வெள்ளை ரேப் இரண்டையும் உரித்தேன். உன்னுடைய தட்டைத் தகட்டை எடுத்துக் கீழ் விளிம்பில் நீ பிதுக்கியிருந்த பசையை அறுத்தேன். சுத்தியலையும் கிட்ட வைத்துக்கொண்டேன், எப்படியும் பலத்து அடிக்க வேண்டி வரும் என்றுதான் நினைத்தேன். ஒரு கையைக் கல்லுக்குக் கீழே கொடுத்து, மற்றக் கையால் தகட்டை மேல் விளிம்பில் செருகினேன். அடிக்கவில்லை தம்பி. நெம்பக்கூட இல்லை. தகடு உள்ளே போனதுதான் தெரியும், கல் அப்படியே என் கைக்குள் வந்து உட்கார்ந்தது. பாரத்தில் முழங்கால் மடங்கிக் கல்லோடு சேர்த்துப் போர்வையில் இருந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லைக் கீழே போடவில்லை என்று அம்மாவிடம் சொல்.

திருப்பிப் பார்த்தேன். கல்லின் பின்பக்கம் முழுக்க மரூன். சாந்து கல்லை விடவில்லை, பெயின்ற்தான் சுவரை விட்டுவிட்டது. தோல் உரிந்த மாதிரி, ஒரு கிழிசலும் இல்லாமல் வந்திருந்தது. சுவரில் இப்போது மட்டையின் வெள்ளைத் தாள் தெரிகிறது. இத்தனை நாளும் அந்தக் கல்லை எது பிடித்துக்கொண்டு நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நான் கல்லை மடியில் வைத்துக்கொண்டு, நிலத்தில் ஒட்டியிருந்த அந்த நீல ரேப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அழுதேன். இதை எழுதாமல் விடலாம், ஆனால் உன்னிடம் மறைக்காதே என்று கேட்கப் போகிறவன் இதை மறைக்கக்கூடாது.

நீ தகப்பனாகப் போகிறாய். பயம் வரும். உனக்கு வராது, நீ கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், அந்த ரேப்பைப் பார்த்த எனக்குத் தெரியும், வந்துவிட்டது. பயப்படுவது பிழை என்று நான் சொல்லமாட்டேன், சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் பயத்தில் செய்கிற காரியத்தை ஒருதரம் யாரிடமாவது கேட்டுவிட்டுச் செய். நிலானியிடம் கேள். பிள்ளை வளர்ந்து, "அப்பா, இது சரிவராது" என்று சொன்னால், நான் கலண்டருக்குப் பக்கத்தில் நின்று உன்னைப் பார்த்த மாதிரி அதைப் பார்த்துவிடாதே. அது சொல்லட்டும். உரக்கச் சொல்லட்டும். சனத்துக்கு முன்னால் சொன்னாலும் பரவாயில்லை. பெற்ற பிள்ளை வாய் திறந்து சொல்லப் பயந்தால் அந்த வீட்டுக்குள் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. எனக்கு மரியாதை தருவதற்காக ஒரு மரூன் சதுரத்தை விட்டு வைத்தாயே, அந்த மரியாதை எனக்கு வேண்டாம். அன்றைக்கு நீ, "இல்லையப்பா, இது வேண்டாம், நேரம் போனால் போகட்டும்" என்று என் கையிலிருந்து கல்லை வாங்கியிருந்தால் எனக்கு ஒரு நாள் முகம் சுருங்கியிருக்கும். ஒரு நாள்தான். அடுத்த நாள் புட்டுக் கொண்டு வந்திருப்பேன்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், நீ எனக்குச் சொல்லித் தந்ததைத்தான் திருப்பிச் சொல்கிறேன். அந்த மிச்ச மட்டைத் துண்டையும் வெட்டி எடு. மற்ற இடத்தில் போட்ட மாதிரி அதிலும் சிமெந்துப் பலகையைப் போட்டு, சட்டத்தில் முடுக்கி, விளிம்பில் வலை ஒட்டிச் சாந்து இழு. அது காயட்டும். சனி ஞாயிறு போனால் போகட்டும். புது வீட்டுக் குடிபூரலுக்கு வாற சனம் பாதிச் சுவரைப் பார்த்துவிட்டுப் போகட்டும், யாராவது கேட்டால் அப்பா கெடுத்தவர் என்று சொல். கல்லின் பின்னால் ஒட்டியிருக்கிற பெயின்றையும் சாந்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, அதைக் கீழ் வரிசையில், மூலையில், அது இருக்க வேண்டிய இடத்தில் வை. நானே வைக்க வேண்டும் என்று உனக்கும் அம்மாவுக்கும் ஆசை இருந்தால் இந்த வாளியில் இருந்துகொண்டு வைக்கிறேன். நேரம் பார்க்க மாட்டேன். சுவர் ரெடி என்று நீ அழை, நான் வருகிறேன்.

கல் போர்வையின் மேல் இருக்கிறது. இந்தக் கடிதத்தை அது இருந்த இடத்தில் நிலானியின் நீல ரேப்பால் ஒட்டிவிட்டுப் போகிறேன், தாள் பாரம் இல்லை, விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. தொட்டில் பெட்டியை நான் தனியே இழுத்துப் பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டேன். இழுத்ததில் உன் புது மரத் தரையில் நடுவால் ஒரு நீளக் கீறல் விழுந்துவிட்டது. தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. பாயை இழுத்து மூடிவிடலாமா என்று நினைத்தேன், மூடவில்லை. பின்னேரம் வந்து அதைக் கண்டதும் என்னை ஏசாதே.

இல்லை. ஏசு. உடனே எனக்கு அழைத்து ஏசு. தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருப்பேன்.

அப்பா